கொண்டையராஜு கையெழுத்து போட்ட கஜலட்சுமி: இவரைப் பத்தி எங்கே தேடலாம்?

கரிசக்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். எட்டயபுரம் பக்கத்துல இருந்த எங்க பாட்டி வீட்டைப் போன மாசம் இடிச்சோம். ஓடு, உத்தரம், நிலைக்கதவு எல்லாத்தையும் விலை பேசி ஏத்திட்டுப் போயிட்டாங்க. சாமி ரூம் படங்கள் மட்டும் அம்மா பங்குக்கு வந்துச்சு. அதுல ஒண்ணு கஜலட்சுமி. நடுவுல தாமரை மேல அம்மன், ரெண்டு பக்கமும் யானை, ரெண்டு தூண், மேல ஒரு வளைவு. சாம்பிராணிப் புகையில கண்ணாடி காப்பி கலராயிருச்சு. துடைச்சுப் பார்த்தா வலது கீழ் மூலையில ஆங்கில எழுத்துல 'சி. கொண்டையராஜு'ன்னு கையெழுத்து.

பரீட்சைக்குப் போறப்போ எல்லாம் இந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு திருநீறு பூசிட்டுத்தான் போயிருக்கேன். இதை ஒரு மனுஷன் உக்காந்து வரைஞ்சிருப்பான்னு ஒரு நாளும் தோணினதில்லை.

இணையத்துல தேடினா ஒரே ஒரு பத்திதான் பத்து இடத்துல கிடக்கு. கோவில்பட்டி பஸ்ஸுல போனா அரை மணி நேரம். போய் நாலு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேர் தெரியாதுன்னாங்க, ஒருத்தர் அரசியல்வாதின்னு நினைச்சுக்கிட்டார், நாலாவது ஆள் நல்ல கடலை மிட்டாய் கடைக்கு வழி சொன்னார். (வாங்கினேன். நல்லாத்தான் இருந்துச்சு.)

ஒரு இருபது பக்கமாவது இவர் வாழ்க்கையை எழுதணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

டீக்கடை பெஞ்சு

அட, எங்க வீட்டு முருகன் படத்துலயும் இதே பேர்! ஓரமா இருந்ததால பிரிண்டிங் பிரஸ் பேருன்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்.

---

நூலகப்புழு

நண்பருக்கு, உறுதியாகச் சொல்லக்கூடியதை மட்டும் முதலில் தருகிறேன்.

கொண்டையராஜு 1898இல் பிறந்தவர், சொந்த ஊர் சென்னை மயிலாப்பூர். எழும்பூரில் இன்று கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் ஓவியப் பள்ளியில் படித்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அங்கே கண்ணெதிரே இருப்பதை அப்படியே வரையும் ஐரோப்பியப் பயிற்சிதான் பிரதானம். படிப்புக்குப் பிறகு கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் இருந்தார். பின்பு நாடகக் கம்பெனியில் சீன் வரைபவராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். அந்தக் கம்பெனி 1942இல் கோவில்பட்டியில் கலைந்தது. இவரும் உடனிருந்த இளைஞர்கள் சிலரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். முதலில் போட்டோ ஸ்டுடியோ, அடுத்து சாமி படங்கள், காலண்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1976இல் காலமானார்.

எழுதப்பட்டவற்றில் முக்கியமானது கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்லிஸ் 1995இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை. மதுரைப் பக்கத்து வேளார்களின் மண்பாண்டக் கலையை ஆராய வந்தவர் அவர். காலண்டர் ஓவியர் ஒருவரைக் கலைஞர் என்ற முறையில் முழுதாக எடுத்துப் பேசிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று அந்தக் கட்டுரை.

நீங்கள் பார்த்த 'ஒரே பத்தி'யில் ஒரு கோளாறு உண்டு. 1898, 1942, 1976 என்று மூன்று முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு முளைக்கும் நடுவே நாற்பத்து நாலு வருஷம் இருக்கிறது. தேடுவதென்றால் அங்கேதான் தேட வேண்டும்.

---

தூரிகை

நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஓவியம் படிச்சவன் நான். இந்தக் காலண்டர் படங்கள்ல ஆராய என்ன இருக்கு? ரவி வர்மா 1894ல பம்பாய்ல பிரஸ் போட்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டு போயிட்டார். சிவகாசிக்காரங்க அதுல இன்னும் நாலு நகையை ஏத்தி, கன்னத்துக்கு ரோஸ் அடிச்சு, கீழ மளிகைக்கடை பேரைப் போட்டாங்க. ரவி வர்மாவைப் பத்தி எழுதினாலாவது ஒரு அர்த்தம் இருக்கு.

---

மேலமாசிவீதி

தூரிகை சார், ரவி வர்மாவோட லட்சுமியை ஒரு தடவை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்த அம்மா ஒரு குளத்துல நிக்கிறா. சுத்தி மரம், தண்ணி, வெளிச்சம். யானை ஓரமா மாலையோட நிக்கும். எல்லாமே ஒரு வெளியில நடக்குற மாதிரி இருக்கும். நாம ஏதோ அந்தப் பக்கமா நடந்து போகும்போது பார்த்துட்ட மாதிரி.

கோவில்பட்டி கஜலட்சுமி அப்படியா? நட்ட நடுவுல, நேருக்கு நேர். இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை. பின்னால மரம், மட்டை எதுவும் முக்கியமில்லை. தூணும் வளைவும் எதுக்கு? திரை விலகி தீபாராதனை காட்டுறப்போ கர்ப்பகிரகத்துல தெரியுமே, அந்தப் பார்வை. அதை வச்சுக் கும்பிடலாம். ரவி வர்மாவோடதைப் பார்த்து ரசிக்கலாம். எங்க அம்மா ரெண்டையும் வச்சிருந்தாங்க, ரவி வர்மா ஹால்ல, இது பூஜை ரூம்ல. அவங்க அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சவங்க.

மறந்து போனவங்களைப் பத்தித்தான் பேச்சுன்னா, ரவி வர்மா பேரை எடுத்ததுக்கு எங்க ஊர் ராமசாமி நாயுடு ஒருத்தர் இருக்கார். மதுரைக்காரர், திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர். எண்ணெய் வண்ணம் எப்படிக் கலக்குறதுன்னு சின்னப் பையன் ரவி வர்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டேன்னுட்டார். சரித்திரத்துல அவருக்கு மிஞ்சினது அந்த 'மாட்டேன்' மட்டும்தான். என்ன வரைஞ்சார், எப்படி வரைஞ்சார்னு கேட்க ஆளில்லை. அவருக்கும் முன்னாடி அங்க போன அழகிரி நாயுடுவும் மதுரைதான். அந்த ரெண்டு பேருக்கும் நேர்ந்தது இந்தக் கோவில்பட்டிக்காரருக்கும் நேரக்கூடாதுன்னா இப்படி யாராவது கிளம்பத்தான் வேணும்.

---

தூரிகை

தூண், வளைவு விஷயம் நல்ல பாயின்ட். ஆனா அது கர்ப்பகிரகம் இல்லை மேடம், நாடக மேடை. சீன் வரைஞ்சவர்னு மேலயே சொல்லியிருக்காங்களே. தர்பார் படுதாவுல ரெண்டு பக்கமும் தூண், மேல வளைவு, சுருட்டின திரைச்சீலை எல்லாம் வரும். ராஜா நிக்கிற இடத்துல அம்மனை நிறுத்திட்டார். போட்டோ ஸ்டுடியோ படுதாவும் அதே சரக்குதான்.

---

மேலமாசிவீதி

அப்போ அவர் ஆராயத் தகுந்த ஆள்னு ஒத்துக்கிட்டீங்க. சந்தோஷம்.

---

லித்தோ அண்ணாச்சி

தம்பிமார்களா, நான் சிவகாசி. முப்பத்தாறு வருஷம் பிரஸ்ல கிடந்தவன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிப்போடுதேன்.

எங்க ஊருக்கு அச்சு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போயித் தீப்பெட்டித் தொழில் படிச்சிட்டு வந்தாக. தீப்பெட்டின்னா லேபிள் வேணும்லா? லேபிளுக்கு லித்தோ மிசின், அதான் கல்லச்சு மிசின், வேணும். மிசின் வந்தா அது சும்மா நிக்கக்கூடாது. அப்படித்தான் சாமி படமும் காலண்டரும். பிரஸ்காரனுக்கு வருசா வருசம் புது டிசைன் வேணும். ஆடிப் பதினெட்டு அன்னைக்கு அடுத்த வருசத்துக் காலண்டர் ஆல்பம் வெளிய வந்தாகணும், இன்னைக்கும் அதே வழமைதான். ஏஜென்ட் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போயி ஆர்டர் பிடிப்பான். கடைப் பேரு பெறவுதான் அடிக்கிறது. பக்கத்துல கோவில்பட்டியில கைகாரங்க இருந்தாக, எங்ககிட்ட மிசின் இருந்துச்சு.

ஒண்ணு கவனிக்கணும். உங்க கையில இருக்கது கொண்டையராஜு வரைஞ்ச படம் இல்ல, அதோட அச்சு. நடுவுல ஒருத்தன் இருக்கான், லித்தோ ஆர்ட்டிஸ்ட். மூலப் படத்தைப் பார்த்து, இதுல மஞ்சள் எங்க, சிவப்பு எங்க, ரோஸ் எங்கன்னு மனசுக்குள்ளயே பிரிச்சு, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா கையால புள்ளி குத்துவான். எட்டு கலர், பத்து கலருன்னு போகும். அம்மன் கன்னத்துல ரோஸ் கூடிருச்சுன்னா வரைஞ்சவரைத் திட்டாதீங்க, குத்தினவன் கை அது. பெறவு கேமரா வந்து, ஸ்க்ரீன் போட்டு, நாலே கலர்ல எடுத்தாக.

பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க தம்பி. புள்ளி கண்டபடி, பெருசும் சிறுசுமா கிடந்தா கைவேலை. வரிசை பிடிச்சு சின்னச் சின்னப் பூ மாதிரி வட்டங்கட்டி நின்னா கேமரா. அதுலயே பாதி வயசு தெரிஞ்சுபோகும்.

---

கரிசக்காட்டான்

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. பக்கத்து வீட்டு நகைத்தொழில் அண்ணன்கிட்ட லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். முகத்துல எல்லாம் கண்டபடி புள்ளி, பூ இல்லை. யானை நெத்தியில ஒரு இடத்துல நீலப் புள்ளிகள் கோட்டைத் தாண்டி வெளியே சிந்தியிருக்கு. கண்ணால பார்த்தா தெரியவே தெரியாது. யாரோ ஒருத்தர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி கடைசி வரிசையை அவசரமா குத்தியிருப்பார் போல.

நூலகப்புழு ஐயா, இன்னொரு சமாசாரம். சட்டத்துக்குப் பின்னால இருந்த பலகை கரையான் அரிச்சு பாதி போயிருக்கு. அந்த ஓட்டை வழியா பார்த்தா, படத்துக்கும் பலகைக்கும் நடுவுல ஏதோ காலண்டர் தாள் வச்சிருக்காங்க. சட்டத்தைப் பிரிக்கலாமா? அம்மா பிரிக்கவே கூடாதுங்கிறாங்க, சாமி படமாச்சே. அப்புறம் லேமினேஷன் பண்ணிடலாம்னு மாமா சொல்றார்.

---

நூலகப்புழு

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது, தாள் உள்ளேயே வெந்து கிடக்கும். ஈரத் துணியும் படத்தின் மேல் படக்கூடாது. கண்ணாடியோடு தாள் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கைபேசியில் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே பிரியுங்கள்: பலகை, ஆணி, தாள், படத்தின் பின்பக்கம். பின்பக்கத்தை யாரும் எடுப்பதில்லை, பென்சில் குறிப்பும் ரப்பர் ஸ்டாம்பும் அங்கேதான் இருக்கும்.

காலம் கணிக்க ஓரத்து எழுத்துகள் போதும். விலை அணாவில் இருந்தால் 1957க்கு முன். 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். சிவகாசியை இராமநாதபுரம் ஜில்லா என்று போட்டிருந்தால் 1985க்கு முன். கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தால் 1986க்கு முன். 'மதராஸ் ராஜ்யம்' என்று எங்காவது கண்ணில் பட்டால் 1969க்கு முன். இதை மட்டும் நம்பி ஒரேயடியாக முடிவு கட்டவும் கூடாது. பழைய பிளாக்கையே வைத்து ஓட்டும் பழக்கம் அச்சகங்களுக்கு உண்டு, கடைக்காரர்களும் பழைய லெட்டர்பேடைத் தீரும்வரை தள்ளுவார்கள்.

---

கரிசக்காட்டான்

பிரிச்சுட்டேன்! அம்மாவுக்கு வெத்தலை பாக்கு வச்சு, சூடம் காட்டி, சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு.

உள்ள இருந்தது ஒரு மாசக் காலண்டர் தாள். பிப்ரவரி. மேல வருஷம் இருந்த இடத்தைச் சட்டக்காரர் கத்தரிச்சு எறிஞ்சிருக்கார், படத்து அளவுக்குச் சரியா. 29ஆம் தேதி வியாழக்கிழமை. கீழ ஒரு ஜவுளிக்கடை பேர், இராமநாதபுரம் ஜில்லா, ரெண்டே இலக்க போன் நம்பர். பின்கோடு இல்லை. 28ஆம் தேதிக் கட்டத்துல கருப்பு வட்டம், அமாவாசைக்குப் போடுவாங்களே, அது.

---

டீக்கடை பெஞ்சு

லீப் வருஷம். 29 வியாழன். 28 வருஷத்துக்கு ஒருதரம்தான் லீப் வருஷக் காலண்டர் திரும்பும். 1968 வருது. அதுக்கு முந்தி 1940. பிந்தி 1996. 1996ல பின்கோடு இல்லாத கடை இருக்காது. 1940ஆ 1968ஆங்கறதுதான் கேள்வி.

---

மேலமாசிவீதி

இதுக்கு எதுக்கு யோசனை? அமாவாசைதான் இருக்கே. 1940 பிப்ரவரியில அமாவாசை 8ஆம் தேதி வாக்குல. 1996ல 18 வாக்குல. 1968லதான் 28. வியாழக்கிழமை மூணு வருஷத்துக்கும் பொருந்தும் தம்பி, நிலா பொருந்தாது. எங்க மாமனார் வச்சிருந்த பழைய பஞ்சாங்கக் கட்டு இன்னும் பரண்ல கிடக்கு, அதையும் இறக்கிப் பார்த்துட்டேன். தும்மல்தான் நிக்கலை.

---

கரிசக்காட்டான்

அக்கா, கும்பிடுறேன்! அப்போ படம் 1968ன்னு எழுதிக்கவா?

---

நூலகப்புழு

அவசரம். சட்டக்காரர் அட்டைக்காக எடுத்தது பழைய காலண்டர் தாள். 1968 பிப்ரவரி முடிந்த பிறகு அது எப்போது வேண்டுமானாலும் அவர் கைக்கு வந்திருக்கலாம். சட்டம் போட்டது அதற்குப் பிறகு என்பது மட்டும்தான் இதிலிருந்து உறுதி.

படம் அச்சானது வேறு கணக்கு. கடையில் உருட்டி வைத்த படத்தைப் பாட்டி பல வருஷம் கழித்துச் சட்டம் போட்டிருக்கலாம். படத்தை வரைந்தது மூன்றாவது கணக்கு. நன்றாக விற்கிற டிசைனைப் பிரஸ் திரும்பத் திரும்ப அடிக்கும். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் உங்கள் இருபது பக்கமும் பழைய ஒரே பத்தியின் நிலைக்கு வந்துவிடும்.

---

லித்தோ அண்ணாச்சி

ஐயா சொல்றது ரொம்பச் சரி. சில லட்சுமி எல்லாம் நான் வேலைக்குச் சேரும்போதும் ஓடிச்சு, நான் ரிடையர் ஆகும்போதும் ஓடிச்சு. இடையில யாரோ ஒருத்தன் சேலைக் கலரை மட்டும் மாத்திருவான். கையெழுத்து அப்படியே நிக்கும். சில பிரஸ்ல அதையும் சுரண்டிப்போட்டு அடிச்சதுண்டு. பேரு சொல்ல மாட்டேன்.

தம்பி, சட்டத்தைக் கழட்டினீங்கள்லா, படத்தோட நாலு ஓரத்தையும் பார்த்தீங்களா? சட்டம் ஒரு இஞ்சு மறைக்கும். பிரஸ் பேரு, டிசைன் நம்பர் எல்லாம் அந்த ஒரு இஞ்சுலதான் கிடக்கும்.

---

கரிசக்காட்டான்

பார்த்தேன் அண்ணாச்சி. அதைச் சொல்லத்தான் இப்போ வந்தேன். கை நடுங்குது.

அடியில ஒரு வெள்ளை விளிம்பு. கரையான் பாதியைத் தின்னுருச்சு. பிரஸ் பேர்ல கடைசி மூணு எழுத்து மட்டும் மிச்சம், ஒரு நம்பர், 'சிவகாசி'. அது பெரிசில்லை.

கையெழுத்து. சட்டத்துக்கு வெளியே தெரிஞ்சது 'சி. கொண்டையராஜு' மட்டும். அதுக்குக் கீழ, சட்டம் மறைச்ச இடத்துல, அதே அளவு எழுத்துல, இன்னொரு பேர்: 'டி. எஸ். சுப்பையா'. ஐம்பது வருஷமா மரச் சட்டத்துக்கு அடியில இருந்திருக்கார் மனுஷன்.

---

நூலகப்புழு

இந்த இழையின் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறதே!

சுப்பையா கொண்டையராஜுவின் முக்கியமான சீடர். நாடகக் கம்பெனி நாளிலிருந்து கூட இருந்தவர்களில் ஒருவர். கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று பெயர் பார்த்திருப்பீர்கள், அது இவர்கள் வட்டம். ராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன், மீனாட்சிசுந்தரம் என்று மற்றவர்களும் உண்டு. குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள் நிறையவே கிடைக்கின்றன. ராமலிங்கத்தோடு சேர்ந்து போட்டவையும் இருக்கின்றன. அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'கும்' என்று முடிப்பார், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

---

தூரிகை

இது எனக்கு இப்போதான் சுவாரசியமா படுது. ஓவியப் பள்ளியில எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? கையெழுத்துன்னா உன்னோட தனித்துவம், உன் அடையாளம். இவர் அந்தப் பள்ளியில படிச்சுட்டு வந்து, பையன் பேரைத் தன் பேருக்குப் பக்கத்துல அதே அளவுல போட விட்டிருக்கார். வேற வாத்தியாரா இருந்தா பையன் வரைஞ்சதுல தன் பேரைப் போட்டுட்டுப் போயிருப்பார். எனக்கே அப்படி ஒரு வாத்தியார் வாய்ச்சார், அந்தக் கதை வேண்டாம்.

ஆனா ஒரு சிக்கல். ரெண்டு பேர்ல யார் எதை வரைஞ்சது? முகம் குரு, நகை சீடனா? இல்லை முழுசும் சீடன், குரு திருத்தம் மட்டுமா? வாழ்க்கை வரலாறு எழுதறவருக்கு இது தெரியணுமே.

---

மேலமாசிவீதி

தெரியணுமா? கோயில் கோபுரத்துல எந்தச் சிலையை எந்த ஸ்தபதி பண்ணினார்னு கேட்போமா? எட்டுப் பேர் கூட்டா நாடகம் போட்டு, ஒரே படுதாவை நாலு பேர் நாலு மூலையில உக்காந்து வரைஞ்சு பழகினவங்க. மறுநாள் காலண்டர் வரையறப்போ மட்டும் எப்படிக் கோடு கிழிச்சுப் பிரிச்சுக்குவாங்க?

---

தூரிகை

கோபுரத்துல ஸ்தபதி கையெழுத்துப் போடலை மேடம். இவங்க போட்டிருக்காங்க. போட்ட பிறகு கேட்கத்தான் செய்வோம்.

---

லித்தோ அண்ணாச்சி

ரெண்டு பேரும் ஒரு கையை மறந்திட்டீக. புள்ளி குத்தினவன். அவன் பேரு எந்த ஓரத்துலயும் கிடையாது. யானை நெத்தியில நீலத்தைச் சிந்தினானே, அவன்தான்.

---

கரிசக்காட்டான்

அண்ணாச்சி, அதை என் முதல் பக்கத்துலயே எழுதுறேன்.

அந்த நாற்பத்து நாலு வருஷத்துக்கு எங்கே போறது, யாராவது சொல்லுங்க. நாடகக் கம்பெனிக்கு ஆவணம் ஏதாவது மிஞ்சியிருக்குமா?

---

நூலகப்புழு

மிஞ்சியிருக்கும், நாடக நோட்டீஸாக. ஊர் ஊராக முகாம் போடும்போது அச்சடித்து மாட்டுவண்டியில் தண்டோராவோடு விநியோகித்த தாள்கள். தேதியும் ஊரும் கொட்டகையும் தெளிவாக இருக்கும். கம்பெனியின் நோட்டீஸ்களை ஊர்வாரியாக அடுக்கினாலே அவர் நடந்த பாதை கிடைத்துவிடும்.

அதற்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் முத்தையா சேர்த்துவைத்த தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் தொடங்கியது. புத்தகம் மட்டுமல்லாமல் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் அவர் சேர்த்தார். முத்தையாவே தொழிலில் ஒரு விளம்பரப் பலகை ஓவியர். ஓவியரைத் தேடிப் போகிறவர் இன்னொரு ஓவியரின் பரணில் போய் நிற்பது பொருத்தம்தான்.

போட்டோ ஸ்டுடியோப் பக்கத்துக்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிடித்து எண்ணிமப்படுத்தியிருக்கிறார்கள். அதில் பின்னால் தொங்கும் படுதாக்களை மட்டும் பாருங்கள், முன்னால் நிற்கும் ஆட்களை விட்டுவிடுங்கள். அச்சுப் படங்களுக்கு, அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்மித் சேகரித்த சாமி படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம் வீட்டுப் பூஜை அறையில் கரையான் தின்றது அங்கே குளிர்பதன அறையில் இருக்கலாம்.

1976 மரணம் என்பதால் நகராட்சிப் பதிவேட்டிலும் தேடலாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது. அதில் வரும் முகவரி ஒன்று போதும், எந்தத் தெருவில் விசாரிப்பது என்று தெரிந்துவிடும்.

---

டீக்கடை பெஞ்சு

நான் ஒரு யோசனை சொல்றேன், பெரிய ஆராய்ச்சி ஒண்ணுமில்லை. கோவில்பட்டியில கடலை மிட்டாய் கடைக்கு வழி கேட்காம, அறுபது எழுபதுகள்ல கல்யாணம் ஆனவங்க வீட்டு ஆல்பத்தைக் கேளுங்க. ஸ்டுடியோ படத்துக்குப் பின்னால ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். படுதாவும் இருக்கும். காலண்டர் தூணும் படுதா தூணும் ஒண்ணா இருந்தா அடிச்சது ஜாக்பாட்.

---

தூரிகை

பெஞ்சு சொன்னது நான் சொல்லணும்னு நினைச்சது. அப்படி ஒரு ஆல்பம் சிக்கினா எனக்கும் ஸ்கேன் அனுப்புங்க. தூணோட பாதத்துல தாமரை இதழ் எப்படி மடங்குதுன்னு பார்த்தா கை தெரியும். அதுல நான் உதவ முடியும். முதல் பதிவுல கொஞ்சம் துடுக்கா பேசிட்டேன், ஆனா கன்னத்து ரோஸ் விஷயத்தை இன்னும் வாபஸ் வாங்கலை.

---

கரிசக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. அடுத்த வாரம் லீவு போட்டிருக்கேன். சென்னை போகுமுன்னாடி கோவில்பட்டியிலயே ஆல்பம் வேட்டை. எங்க பெரியம்மாவோட கல்யாண போட்டோவுல இருந்தே ஆரம்பம், அது கோவில்பட்டியில எடுத்ததுதான்.

இப்போதைக்கு ஒரு அவசரம். வெள்ளிக்கிழமைக்குள்ள லட்சுமி சுவருக்கு வந்தாகணும்னு அம்மா கெடு வச்சிருக்காங்க. சட்டக் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அளவெடுத்த பெரியவர் பென்சிலை எடுத்து, அந்த வெள்ளை விளிம்பு மேல ஒரு கோடு போடப் போயிட்டார். "இது வரைக்கும் மறைச்சிரலாம் தம்பி, அரிச்சுப் போயிருக்கு, பார்க்க நல்லா இருக்காது"ங்கிறார். கையைப் பிடிச்சு நிறுத்தி, மறைக்காம சுத்தி ஒரு இஞ்சு இடம் விட்டுப் போடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். சட்டம் பெரிசாகும், நூத்தம்பது ரூபா கூட ஆகும்னார். சரின்னுட்டேன்.